கால்நடையாய்க் கதிர்காமம் கண்ட யோகர் சுவாமிகள்

ஈழத்தின் கீழ்கரையிலே வாழும் நமக்குக் கதிர்காம யாத்திரை புதியதொன்றன்று. வைகாசி கழிந்து ஆனி பிறக்கும் வேளையிலே, வடக்கேயிருந்து வேல் தாங்கிய அடியார் கூட்டம் ஒன்றன்பின் ஒன்றாகக் கல்முனை வீதியாலே வருவதையும், ஊருக்கு ஊர் கோயில் மண்டபங்களில் அவர்கள் இளைப்பாறுவதையும், பாண்டிருப்பிலும் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் திருக்கோவிலிலும் அவர்களுக்கு அன்னம் படைக்கப்படுவதையும் சிறு பிராயம் முதற்கொண்டே கண்டு வருகிறோம். அவர்களை நாம் பேர் கேட்பதில்லை. சாமி என்று அழைக்கிறோம், சோறு இடுகிறோம், அவர்களும் உண்டு திருநீறு தந்து போய்விடுகிறார்கள். அவ்வாறு பேர் தெரியாமலே இக்கரையோர வழியால் ஒரு காலத்தில் நடந்து போன ஒருவருடைய சரிதத்தை நம் மன்றத்து இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும் என்னும் ஆசையால் இதனை எழுதப் புகுந்தோம். அவரே பின்னாளில் ஈழத்துச் சைவ உலகம் யோகர் சுவாமிகள் என்று கைகூப்பிய கொழும்புத்துறைப் பெரியவர்.

சுவாமிகள் 1872ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள், யாழ்ப்பாணத்து மாவிட்டபுரத்திலே கந்தசுவாமி கோயிலின் அயலிலே பிறந்தார். தந்தையார் அம்பலவாணர், தாயார் சின்னாச்சி அம்மையார். பத்து வயது நிரம்புமுன்பே தாயை இழந்தார். மலைநாட்டிலே மஸ்கெலியாவில் வியாபாரம் செய்துவந்த தந்தையாரோடு பிள்ளையை வைத்திருத்தல் இயலாமையால், கொழும்புத்துறையிலே மாமி முத்துப்பிள்ளையின் கையிலே அவர் வளர்ந்தார். கத்தோலிக்கக் குருமார் நடாத்திய சம்பத்திரிசியார் கல்லூரியிலே படித்தார். ஆங்கிலமும் அங்கே வாய்த்தது. விவிலியத்தை நன்கு கற்றவர் என்பதும், பிற்காலத்தில் தம்மை நாடிவந்த கிறிஸ்தவ அன்பர்களிடம் அதனையே எடுத்துப் பேசுவார் என்பதும் அவரோடு பழகியவர்கள் சொன்னவை. சைவப் பிள்ளை பாதிரிமார் பள்ளியிலே படித்துக் கெட்டுப்போகும் என்று அஞ்சிய காலம் அது. இந்தப் பிள்ளை கெட்டுப்போகவில்லை என்பதை மட்டும் சொல்லி மேலே செல்வோம்.

படிப்பு முடிந்ததும் சிறிது காலம் தந்தையாரின் கடையிலே நின்றார். வியாபாரம் மனசுக்கு ஒத்துவரவில்லை. பின்னர் கிளிநொச்சியிலே, நீர்ப்பாசனப் பகுதியாரின் வேலைத்தலத்திலே, களஞ்சியப் பொறுப்பாளராக அமர்ந்தார். இரணைமடுக் குளத்தின் கட்டுவேலை தொடங்கிய காலம் அதுவே. காடு வெட்டிக் குளம் அமைத்து வன்னிக்கு நீர் கொடுக்கும் பெரும்பணி. மண்வெட்டியும் கோடரியும் ஆணியும் கயிறும் கணக்குப் பார்த்துக் கொடுத்து வாங்குவது அவர் வேலை. ஒரு சதம் பிசகாத கணக்கர் என்று மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரையும் அவரை மதித்தாராம்.

1897ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே, சிக்காகோவிலிருந்து புகழோடு மீண்ட சுவாமி விவேகானந்தர் யாழ்ப்பாணம் வந்தார். இந்துக் கல்லூரியிலே அவர் நிகழ்த்திய சொற்பொழிவைக் கேட்கத் திரண்ட கூட்டத்திலே இந்த இளைஞரும் இருந்தார். அன்றைய பேச்சைப் பல்லாண்டு கழித்தும் அவர் நினைவுகூர்வதுண்டு. ஆயினும் அவர் வாழ்வைத் திருப்பிவிட்டது அந்த மேடையன்று. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் தேர் நிற்கும் கொட்டகை.

அத்தேரடியிலே செல்லப்பா என்று ஒருவர் இருந்தார். ஒரு காலத்திலே கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர் என்பர். அதை விட்டு, அழுக்குத் துணியோடு, தமக்குத்தாமே பேசிச் சிரித்து, வருவோர் போவோரை ஏசிக்கொண்டு திரிந்தார். ஊரார் அவரைப் பைத்தியம் என்றார்கள். சிறுபிள்ளைகள் கல்லெறிந்தார்கள். 1905ஆம் ஆண்டளவில் ஒருநாள் அவ்வழியே சென்ற களஞ்சியப் பொறுப்பாளரைப் பார்த்து, நீ யார் என்று அவர் அதட்டிக் கேட்டார். கேள்வி சின்னதுதான். எவரும் எவரையும் கேட்கும் கேள்விதான். ஆனால் பேரையும் ஊரையும் உத்தியோகத்தையும் கழித்துவிட்டு அதற்கு விடை சொல்ல முயன்றவர்க்கல்லவா அதன் பாரம் தெரியும்! அந்த இளைஞர் வாயடைத்து நின்றார். அன்றே அவரைப் பழைய வாழ்வு விட்டுப்போயிற்று.

இங்கே நம் இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலே அரசாங்க உத்தியோகம் என்றால் அதற்குமேல் ஒரு செல்வம் இல்லை. மாதச் சம்பளம், முதுமையில் ஓய்வூதியம், கலியாணச் சந்தையிலே பெருமதிப்பு. உத்தியோகம் உள்ள மாப்பிள்ளைக்குக் காணியும் வீடும் நகையும் காத்திருக்கும். அதனைத் தூக்கி எறிந்துவிட்டு ஊர் கல்லெறியும் ஒருவர் பின்னே ஒருவன் திரிகிறான் என்றால், இனத்தவர்க்கு அது எத்தகைய தலைக்குனிவு! வளர்த்த மாமியின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! பெரியோர் சரிதம் எழுதுவோர் துறவை ஒரு வரியிலே எழுதிவிடுகிறார்கள். ஒரு வரியிலே நடக்கிற காரியமன்று அது. துறந்தவருக்கு மட்டுமன்று, அவரை நம்பியிருந்த வீட்டாருக்கும் அதிலே ஒரு பங்கு நோவு உண்டு.

செல்லப்பா சுவாமிகளிடம் அவர் பெற்ற பயிற்சி எந்தப் பள்ளிக்கூடத்துப் பயிற்சி போலவும் இருக்கவில்லை. உபதேசம் என்று உட்கார்த்திச் சொன்னது எதுவுமில்லை. நெடுந்தூரம் நடத்திக் கொண்டுபோவார். எங்கே என்று சொல்லமாட்டார். பசியோடு நடந்து களைத்து வந்த பின்னர், அரிசியும் காய்கறியும் சேர்த்துத் தம் கையாலேயே பக்குவமாகச் சமைப்பார். எல்லாம் ஆகி மணம் எழும்பி நாவூறும் வேளையிலே பானையை நிலத்தில் அடித்து உடைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். குருநாதர் அடிக்கடி தமக்குள்ளே முணுமுணுத்த சில சிறு வாக்கியங்களே சீடர் பிடித்துக்கொண்ட மந்திரங்கள். தீமை என்று ஒன்றும் இல்லை என்பது ஒன்று. எல்லாம் என்றைக்கோ முடிந்துவிட்டது என்பது ஒன்று. நாம் ஒன்றும் அறியோம் என்பது ஒன்று. யாவும் மெய்யே என்பது மற்றொன்று. படிக்கும்போது எளிதாகத்தான் இருக்கின்றன. உடைந்த பானையின் முன்னே பசியோடு இருந்து அவற்றை நினைத்துப் பார்த்தாலன்றி அவற்றின் கடுமை விளங்காது.

ஏறத்தாழ ஐந்தாண்டு இவ்வாறு சென்றது. இறுதியிலே யோகரையும், கதிரவேலு என்னும் மற்றொரு சீடரையும் நாற்பது நாள் உணவின்றித் தவத்தில் இருத்தினார் என்றும், அது முடிந்ததும் இரண்டு யானையை ஒரே கட்டுத்தறியில் கட்டலாகாது என்னும் கருத்துப்படக் கூறி இருவரையும் விரட்டிவிட்டார் என்றும் சொல்வார்கள். எந்த ஒருவருக்காக உலகத்தை விட்டாரோ அந்த ஒருவரும் இப்போது வேண்டாம் என்றுவிட்டார். உத்தியோகமும் இல்லை, வீடும் இல்லை, குருவின் நிழலும் இல்லை. அந்நிலையிலே, 1910ஆம் ஆண்டளவிலே, அவர் கீழ்கரை வழியாகக் கதிர்காமத்தை நோக்கி நடந்தார்.

நடக்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்கவில்லை என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். 1905ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கிவிட்டது. கொழும்பிலிருந்து மாத்தறைக்கு 1895ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை போட்டாயிற்று. மாத்தறைக்கப்பால் மாட்டுவண்டில் பிடித்தால் சில நாளிலே கதிர்காமம் போய்விடலாம். வசதியுள்ளோர் அவ்வாறே போய்வரத் தொடங்கியிருந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து கீழ்கரையால் நடப்பதென்றாலோ ஒரு மாதத்துக்கும் மேற்பட்ட வழி. இக்காலத்தில் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து வேலெடுத்துப் புறப்படும் அடியார்களுக்கும் ஒன்றரை மாதம் அளவில் ஆகிறது.

அன்றைய வழியை இன்றைய வழியாக எண்ணிவிடலாகாது. மட்டக்களப்புக்குப் புகைவண்டி வந்தது 1928ஆம் ஆண்டிலே. கல்லடிப் பாலம் கட்டப்பட்டதும் 1920களிலேதான். எனவே 1910இல் நடந்தவர், திருகோணமலை தாண்டிக் கொட்டியாரத்துக்கும் வெருகலுக்கும் வந்து, ஆறும் களப்பும் குறுக்கிட்ட இடமெல்லாம் தோணிக்காரனின் தயவை நாடிக் காத்திருந்து, வாகரைக் காடும் மணலும் கடந்து சித்தாண்டி முருகனைக் கும்பிட்டு, மீண்டும் தோணியேறிக் கல்லடிக் கரை சேர்ந்து, பின்னரே நம் பக்கத்து ஊர்களுக்கு வரவேண்டும். கையிலே காசில்லாதவன் தோணிக்குக் கூலி எங்கே தேடுவான்? தோணிக்காரர் யாத்திரிகரிடம் கூலி கேட்பதில்லை என்னும் வழக்கம் இருந்தபடியாற்றான் ஏழைகள் அந்நாளிலே கதிர்காமம் போக முடிந்தது. கோயில் கட்டியவர்களின் பேரைக் கல்லிலே வெட்டுகிறோம். தோணி வலித்தவர்களுக்குக் கல் இல்லை.

கீழ்கரை ஊர்களின் அமைப்பை இங்கே சொல்லத் தேவையில்லை. ஓர் ஊர் தமிழருடையது, அடுத்தது முஸ்லிம்களுடையது, அதற்கடுத்தது மறுபடியும் தமிழருடையது; இரண்டுக்கும் நடுவே ஒரு வேலி, ஒரே கிணற்று நீர், ஒரே வயல் வாய்க்கால். கதிர்காமத்துக்கு நடப்பவன் இவ்விரண்டையும் மாறி மாறிக் கடந்தே போகவேண்டும். கதிர்காமத்திலே பள்ளிவாசலும் உண்டு. கிழுறு நபியின் பேரால் முஸ்லிம்கள் அங்கே கொடியேற்றுவதும், பக்கீர்மார் திருவிழாக் காலத்தில் அங்கே கூடுவதும் பண்டுதொட்டு வரும் வழக்கம். ஆதலால் காவி கட்டிய ஒருவர் முஸ்லிம் ஊரின் தெருவிலே போவது அக்காலத்தில் எவருக்கும் வியப்பாக இருந்ததில்லை. தாகத்துக்கு நீர் கேட்டால் கொடுத்தார்கள். யோகர் சுவாமிகள் பிற்காலத்தில் சமயம் பார்த்து ஆளைப் பிரிக்காதவராக விளங்கினார். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம், பௌத்தர் என்று யாவரும் அவர் குடிசைக்கு வந்தார்கள். அவர் இயல்பே அது என்பாரும் உளர். வழியிலே யார் யாரோ இட்ட சோற்றினாலும் அது வளர்ந்திருக்கும் என்பது எம்முடைய எண்ணம்.

நம் சவளக்கடைக்கு அயலிலுள்ள மண்டூர் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்கிறோம். கப்புகனார் வாய்கட்டி, மந்திர ஓசையின்றி, திரைக்குப் பின்னே மௌனமாகப் பூசை செய்யும் அந்த முறை கதிர்காமத்து முறையே. திருக்கோவிலிலே சித்திர வேலாயுதரை வணங்கிய பின், கோமாரி, பொத்துவில், பாணமை என்று ஊர்கள் அருகிக்கொண்டே போகும். உகந்தமலையோடு ஊர் முடிந்துவிடும். அதற்கப்பால் காடு. குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று யாத்திரிகர் தங்குமிடங்களின் பேரை நம் பெரியவர்கள் செபமாலை உருட்டுவதுபோல வரிசையாகச் சொல்லுவார்கள். தங்குமிடம் என்றால் மடமும் இல்லை, கூரையும் இல்லை. நீர் இருக்கும் இடம், அவ்வளவே. யானையும் கரடியும் சிறுத்தையும் உலவும் அக்காட்டின் ஒரு பகுதி 1900ஆம் ஆண்டிலேயே வேட்டைக்கான ஒதுக்குக் காடாக்கப்பட்டு, 1938இல் தேசிய வனமாயிற்று. ஆயினும் அடியார் நடக்கும் அத்தடம் மட்டும் மூடப்படாமல் இருந்துவந்தது. 1980களுக்குப் பின் வந்த போர்க்காலத்திலேதான் பல ஆண்டு அது வெறிச்சோடியும் இடையறுந்தும் போயிற்று. இன்று ஆண்டுதோறும் திருவிழாவையொட்டிக் குறித்த சில நாட்களுக்கு மட்டும் உகந்தையிலே காட்டுவழி திறந்துவிடப்படுகிறது.

இதனோடு ஒட்டிய வேடிக்கையொன்று. யோகர் நடந்த அக்காலத்திலே, 1908 முதல் 1911 வரை, அம்பாந்தோட்டைப் பகுதிக்கு உதவி அரசாங்க அதிபராக இருந்தவர் லெனாட் வுல்ப் என்னும் ஆங்கிலேய இளைஞர். வாந்திபேதி பரவும் என்று அஞ்சி, முந்திய நூற்றாண்டிலிருந்தே அரசாங்கம் கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்தி வந்தது. அத்திருவிழாவை மேற்பார்வை செய்யும் கடமை வுல்பின் தலையிலே விழுந்தது. தெய்வ நம்பிக்கை இல்லாத அந்த மனிதர், யாத்திரிகரை எண்ணிக்கொண்டும் சுகாதாரத்தைப் பார்த்துக்கொண்டும் அங்கே நாட்கணக்கில் இருந்தார். பின்னர் உத்தியோகத்தை விட்டுச் சீமைக்குத் திரும்பி, அந்தக் காட்டு மக்களைப் பற்றி 1913இல் ஒரு நாவல் எழுதிப் புகழ்பெற்றார். அரசாங்க உத்தியோகத்தை உதறிய இருவர், ஒரே கோயிலை இரு கோடியிலிருந்து பார்த்திருக்கிறார்கள்!

கதிர்காமத்தை அடைந்தவன் அங்கே காண்பது என்ன? நல்லூரிலும் மாவிட்டபுரத்திலும் காண்பதுபோல அலங்காரம் செய்த திருவுருவம் அங்கே இல்லை. திரை ஒன்று தொங்குகிறது. அதற்கப்பால் என்ன என்பதைக் கப்புராளைமாரன்றி எவரும் பார்ப்பதில்லை. திருவிழாவிலே யானைமீது வருவதும் மூடிய பேழையே. ஒரு மாதம் நடந்து, கால் கொப்புளித்து, காட்டிலே படுத்து எழுந்து வந்தவனுக்கு முருகன் காட்டுவது ஒரு திரையை! உடைந்த பானையின் முன் இருந்து பழகியவருக்கு இது புதிதாகத் தோன்றியிராது. நாம் ஒன்றும் அறியோம் என்னும் தம் குருவாக்கு, கல்லும் மரமும் திரையுமாக நிற்கும் இடம் அதுவே அன்றோ! மாணிக்க கங்கையிலே மூழ்கி எழுந்து, வந்ததுபோலவே ஒன்றுமில்லாமல் அவர் திரும்பினார்.

கடல்கடந்த நாடுகளிலும் இத்தகைய நடைவழிகள் உண்டு. யப்பான் தேசத்திலே, கியி என்னும் தீபகற்பத்து மலைகளூடே குமானோ கோயில்களுக்குச் செல்லும் ஆயிரம் ஆண்டுப் பழைய பாதைகள் இருக்கின்றன. 2004ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ நிறுவனம் அவற்றை உலக மரபுச் சொத்தாக ஏற்றது. அந்நாட்டுச் சிக்கொக்குத் தீவிலே எண்பத்தெட்டுக் கோயில்களைச் சுற்றி ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் நடக்கிறார்கள். வெண்ணுடை, ஓலைத் தொப்பி, கையிலே ஒரு தடி. அந்தத் தடியையே ஆயிரத்திருநூறு ஆண்டுக்கு முன்னிருந்த தங்கள் குருவான கோபோ தாயிசியாக அவர்கள் பாவிக்கிறார்கள். இரவிலே தங்கும் வீட்டை அடைந்தால் முதலில் தடியின் அடியைக் கழுவிவிட்டுத்தான் தம் காலைக் கழுவுவார்களாம். நம் அடியார் வேலை முன்னே விட்டுத் தாம் பின்னே நடப்பதை அறிந்த நமக்கு இதை எவரும் விளக்கவேண்டியதில்லை.

ஊர் திரும்பிய யோகர் தம் குருவின் அருகே போய்க் குடியேறவில்லை. கொழும்புத்துறைச் சந்தியிலே ஓர் இலுப்பை மரம். அதன் அடியிலே வெயிலும் மழையும் பாராது சில ஆண்டுகள் இருந்தார். செல்லப்பா சுவாமிகள் நோயுற்றுக் கடைசிப் படுக்கையில் இருந்தபோது பார்க்கச் சென்றவரை, அவர் உள்ளே வர விடாமல் வெளியே நின்றே பார்க்கும்படி சொல்லிவிட்டார். அதற்குப் பொருள் பலவாறு உரைப்பர். கடைசிக் கணத்திலும் அந்தக் குரு தம் சீடனுக்குச் சாய்ந்துகொள்ள ஒரு தூண் கொடுக்க மறுத்தார் என்பதே எமக்குத் தெரிகிறது.

பின்னர் அன்பர்கள் வற்புறுத்தி ஒரு சிறு குடிசையிலே அவரை இருத்தினார்கள். அரை நூற்றாண்டு அதுவே அவர் இருப்பிடம். பாயிலே இருப்பார், முன்னே கற்பூரம் எரியும். நீதிபதியும் வந்தார், வண்டில்காரனும் வந்தான். பதவி உயர்வும் இடமாற்றமும் கேட்டு வந்தவர் ஏச்சு வாங்கிப் போனார்கள். எதுவும் கேளாமல் வந்து மூலையில் இருந்தவருக்குச் சில வேளை ஒரு பாட்டுப் பிறக்கும், பக்கத்திலிருப்போர் எழுதிக்கொள்வார்கள். அவ்வாறு சேர்ந்தவையே நற்சிந்தனை என்னும் தொகுப்பு. அவர் செய்த அற்புதங்கள் என்று நூறு கதை உலவுகின்றன. அவற்றை நாம் இங்கே எழுதவில்லை. தமக்கு அற்புதம் ஏற்றிப் பேசியோரை அவரே விரட்டியிருக்கிறார்.

நடை மட்டும் அவரை விடவில்லை. முதுமையிலும் குடையும் கையுமாக யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளாலே நடந்து, எதிர்பாராத வேளையிலே எவரேனும் ஓர் அன்பர் வீட்டு வாசலில் நிற்பார். 1935ஆம் ஆண்டிலே சிவதொண்டன் என்னும் மாத இதழ் அவர் அருளாணையால் தொடங்கியது. 1940இல் இந்தியா சென்று காசியையும் சிதம்பரத்தையும் தரிசித்து, திருவண்ணாமலையிலே இரமண மகரிஷிகளையும் கண்டார். இருவரும் ஒரு சொல்லும் பேசாமல் இருந்து எழுந்தார்கள் என்பர். 1953இல் யாழ்ப்பாணத்திலே சிவதொண்டன் நிலையம் எழுந்தது. தேசாதிபதியாயிருந்த சோல்பரிப் பிரபுவின் மகனே அவர் அடியிலே சாந்தசுவாமி என்ற பேரோடு சீடராக அமர்ந்தார்.

1961ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நாடெல்லாம் நடந்த கால் அதன்பின் நாற்காலியிலே அடங்கிற்று. வைத்தியசாலையிலும் அவரைச் சுற்றிக் கூட்டம் குறையவில்லை. 1964ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, தொண்ணூற்றோராம் வயதிலே, பங்குனி ஆயிலியத்தன்று அவர் சிவப்பேறு எய்தினார்.

அவர் பேரால் இயங்கும் மற்றொரு சிவதொண்டன் நிலையம் மட்டக்களப்புப் பகுதியிலே, செங்கலடியிலே இருக்கிறது. சித்தாண்டி முருகனைக் கும்பிட்டுவிட்டு மட்டுநகர் நோக்கி வரும் வேலடியார் கூட்டம் அவ்வூர் வழியாகவே நடந்து, கல்லடி கடந்து, சில நாளிலே நம் பக்கம் வந்து சேரும்.